நீங்களே கட்டிய ஃப்ளையில் (பூச்சி மாதிரி கட்டிய தூண்டில் முள்) விழுந்த முதல் மீன்: சொல்லுங்கள், கேட்போம்

ஸ்கார்பரோவில இருந்து:

நான் சின்னனில யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கரையில இறால் துண்டைக் கொழுவித் தூண்டில் போட்டு வளர்ந்தவன். கயிறு, முள்ளு, ஈயம், இரை. அவ்வளவுதான் தூண்டில். கனடாவுக்கு வந்து கனகாலத்துக்குப் பிறகு, ஃபெர்கஸ் பக்கம் கிராண்ட் ஆற்றில ஒரு கிழவனார் இடுப்பளவு தண்ணியில நிண்டு, ஈயமும் இல்லாமல் இரையும் இல்லாமல் தலைக்கு மேலால நூலை வீசிக்கொண்டு நிண்டார். மனுசனுக்கு ஏதோ பிழைச்சுப் போச்சு எண்டுதான் நினைச்சன்.

பேந்துதான் விளங்கினது. எங்கட தூண்டிலில ஈயத்தின்ர பாரம் கயிறை இழுத்துக்கொண்டு போகும். இதில நூலுக்குத்தான் பாரம். முனையில இருக்கிற ஃப்ளை வெறும் இறகும் மயிரும். அது நூலுக்குப் பின்னால சும்மா போகும்.

அந்த இடத்தில ட்ரவுட் எண்ட குளிர்தண்ணி மீன் நிக்கிறதே ஒரு அணையாலதான். 1942 இல கட்டி முடிச்ச ஷாண்ட் அணை நீர்த்தேக்கத்தின்ர அடித்தண்ணியைத் திறந்து விடும். அடித்தண்ணி குளிர். கோடையிலயும் ஆறு சூடேறாது. அதை நம்பி 1989 இல இருந்து பிரவுண் ட்ரவுட் விடுகினம்.

முதல் வருஷம் கடையில வாங்கின ஃப்ளையில பாதியை மீன் பார்க்கவே இல்லை, சீடர் மரம்தான் பிடிச்சுக்கொண்டது. காசு கட்டாது எண்டு, முள்ளைப் பிடிச்சு வைக்கிற ஒரு வைஸ் வாங்கி நானே கட்டத் தொடங்கினன். முதல் கட்டின பத்திலயும் முள்ளின்ர கண்ணைக் கட்டுற நூலால மூடிப்போட்டன். வடிவாத்தான் இருந்தது, ஆனா லைனைக் கோர்க்க ஓட்டை இல்லை! பழகிறவைக்குச் சொல்லுறன்: கண்ணுக்குப் பின்னால இன்னொரு கண்ணளவு இடம் விட்டுத்தான் தலையை முடியோணும். முடிச்சில பூச மனுசியின்ர கியூடெக்ஸ் போதும், நிறமில்லாதது.

ஒரு நாள் ஆற்றுக்குள்ள ஒரு கல்லைப் பிரட்டிப் பார்த்தன். மணலை ஒட்டிச் செய்த குட்டிக் குழாயள், உள்ளுக்குப் பச்சைப் புழு. கேடிஸ் எண்டு சொல்லுவினம். அந்தப் பச்சைக்கு என்ன போடலாம் எண்டு யோசிக்க, சாமி அறையில இருந்த மயிலிறகு ஞாபகம் வந்தது. கோயிலில காவடியில கழண்டு விழுந்ததை அம்மா எடுத்து வைச்சவ. அதில நாலு இழை பிடுங்கினன். மயிலிழை லேசில அறுந்துபோகும். கட்டுற நூலோட சேர்த்து முறுக்கித்தான் சுத்தோணும். பதினாலாம் நம்பர் முள்ளு, கழுத்தில மண்ணிறச் சேவலிறகு ரெண்டு சுத்து.

ஜூன் மாதப் பின்னேரம். நூல் நுனி ஓட்டத்தோட வந்தது, ஒரு இடத்தில நிண்டது. கல்லு எண்டு நினைச்சுத் தூக்கினன், கல்லு ஓடினது! ஒரு அடிகூட இல்லாத பிரவுண். நான் நிண்ட ஆற்றுத் துண்டில மீனைக் கொண்டுபோக ஏலாது, முள்ளின்ர எதிர்முள்ளையும் குறட்டால நசுக்கியிருக்கோணும். தண்ணிக்குள்ளயே கழட்டி விட்டன்.

வீட்டை வந்து சொன்னால் அம்மா, "முருகன்ர வாகனத்தின்ர இறகில மீன் பிடிக்கிறியோ?" எண்டா. திருப்பி விட்டிட்டன் எண்டன். "அப்ப ஏன் பிடிக்கிறாய்?"

இண்டு வரை மறுமொழி இல்லை.

டெர்பிஷயரிலிருந்து:

அண்ணா, சிரித்து முடியவில்லை. ஒன்று மட்டும்: மயிலிறகு வேணும் என்று இந்தியாவிலிருந்து வருகிற யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், ஏற்றுமதிக்குத் தடை.

நான் ஊட்டிக்காரன். அவலாஞ்சியில் 1907-ல் வில்சன் என்ற வெள்ளைக்காரர் தொடங்கிய ட்ரவுட் பண்ணைத் தொட்டியைச் சின்ன வயசில் எட்டிப் பார்த்ததோடு சரி. ரெயின்போ ட்ரவுட்டுக்குப் பூர்வீகம் பசிபிக் கரை. நீலகிரிக்கு வந்தது மாதிரியே இங்கே வை (Wye) ஆற்றுக்கும் அது என்னைப் போலக் குடியேறியதுதான். தானாகவே குஞ்சு பொரித்துப் பெருகுகிறது. இங்கிலாந்தில் அப்படிப்பட்ட ஆறு அபூர்வம். அதனாலேயே எனக்கு அந்த ஆற்றில் ஒரு உரிமை!

நான் முதலில் கட்டியது ஃபெசன்ட் டெயில் நிம்ஃப்: ஃபெசன்ட் பறவையின் வால் இழையில், தண்ணீருக்குள் நீந்தும் இளம் பூச்சி மாதிரி கட்டுவது. ஏவன் ஆற்றைப் பராமரித்த ஃப்ராங்க் சாயர் கண்டுபிடித்தது. அவர் கட்டும் நூலே தொடவில்லை. மெல்லிய செப்புக் கம்பியும் ஃபெசன்ட் வால் இழையும் மட்டும்தான். கம்பியே கட்டு, கம்பியே எடை. கால்கூட வைக்கவில்லை, அந்தப் பூச்சி நீந்தும்போது காலை ஒடுக்கிக்கொள்ளும் என்று அவர் பார்த்திருக்கிறார்.

செப்புக் கம்பி என்றதும் எனக்குக் கை துறுதுறுத்தது. அப்பா ஊட்டியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தவர். காயில் சுற்றிக் கொடுத்துத்தான் என் படிப்பு. வீடியோ காலில் என் ஃப்ளையைக் காட்டினேன். கண்ணாடியை மேலே ஏற்றிப் பார்த்துவிட்டு, "சுத்து மேல சுத்து ஏறுது பாரு. பக்கத்துல பக்கத்துல படுக்கணும். டென்ஷன் விடாத" என்றார். மீன் எதற்கு, ஆறு எங்கே, எதுவும் கேட்கவில்லை. மூன்று ஃப்ளை பிரிக்கச் சொன்னார், பிரித்தேன்.

நாலாவதில்தான் மீன். ரெயின்போ என்று துள்ளினேன்; முதுகில் பாய்மரம் மாதிரி துடுப்பு விரிந்தது. கிரேலிங் என்ற வேறு மீன்! ரெயின்போ விழ இன்னும் ஒரு வருஷம் ஆனது, அதுவும் கடை ஃப்ளையில்.

நியூசிலாந்திலிருந்து:

மீன் கதை எனக்கு இன்னும் இல்லை. நான் கட்டிய முதல் ஃப்ளை, வூலி பக்கர் என்பது, விழுந்தது என் வீட்டுக்காரர் காதில். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமல் வீசினால் அப்படித்தான். எதிர்முள்ளை நசுக்கியிருந்ததால் வந்த வழியே கழன்றது. இப்போது அவர் கரையில் தூரத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்.

இங்கே வருகிறவர்கள் ஃபெல்ட் (கம்பளித் துணி) அடி வைத்த பூட்ஸ் கொண்டு வருமுன் இப்போதைய விதியைப் பாருங்கள். டிடிமோ பாசி ஒட்டிக்கொண்டு ஆறு விட்டு ஆறு பரவுகிறது என்று 2008-ல் தடை போட்டார்கள்.

ஸ்கார்பரோவில இருந்து:

தங்கச்சி, அவருக்கு ஒரு தொப்பி வாங்கிக் குடுங்கோ.

டெர்பிஷயர்த் தம்பி, நானும் கம்பியில கட்டிப் பார்த்தன், ஃப்ளையின்ர உடம்பு குண்டாப் போகுது. அப்பாட்டை ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ, எத்தினையாம் நம்பர் கம்பி?

டெர்பிஷயரிலிருந்து:

கேட்டேன். 38 கேஜ். பதினெட்டாம் நம்பர் முள் என்றால், அது இன்னும் சின்னது, 40. "யாருப்பா அது, அவரும் கடை வச்சிருக்காரா?" என்றார்.