ஒரே இரவில் செஞ்சி வீழ்ந்தது எப்படி?

மலையேறி (கேள்வி):
முகலாயத் தளபதி ஜுல்ஃபிகர் கான் 1690இல் முற்றுகையிட்ட செஞ்சி, 1698இல்தான் அவர் கைக்கு வந்தது. அதே கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தார் என்று படிக்கிறேன். சென்ற வாரம் செஞ்சியின் மூன்று மலைகளில் உயரமான ராஜகிரியின் உச்சியில் மூச்சு வாங்க நின்று கீழே பார்த்தபோது இது எனக்கு நம்பும்படியாகவே இல்லை. உள்ளிருந்து யாரேனும் காட்டிக்கொடுத்தார்களா?

ஆர்க்காட்டுவாசி:
காட்டிக்கொடுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட முகமது அலியின், ஏற்கெனவே பிரெஞ்சுக்காரரிடம் தோற்றோடிவந்த படையினரே அப்போது செஞ்சியில் புகுந்திருந்தனர். மதிலுக்குள் இருந்து காக்காமல், வெளியே வந்து பிரெஞ்சுப் படையோடு மோதிச் சிதறினார்கள். அவர்களைத் துரத்திக்கொண்டே வந்த புஸ்ஸியின் ஆட்கள் வெடிமருந்து வைத்துக் கதவைப் பிளந்து அடிவாரத்து ஊருக்குள் நுழைந்துவிட்டனர். இரவில் மூன்று மலைகளிலிருந்தும் குண்டுகள் பொழிந்தபோதும் அவர்கள் தெருக்களிலேயே தாக்குப்பிடித்து, நிலவு மறைந்ததும் மூன்றின்மீதும் ஒரே நேரத்தில் ஏறினார்கள். பொழுது விடிவதற்குள் எல்லாம் முடிந்தது. பகல் வெளிச்சத்தில் அந்தப் பாறைகளைப் பார்த்து, வென்றவர்களே திகைத்தார்களாம்.

பழங்கணக்கு:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எட்டாண்டுக் கணக்கை மதிலின் வலிமைக்கு மட்டும் எழுதுவது சரியல்ல. மராட்டிய மன்னர் ராஜாராம் உள்ளே இருந்தபோது அவருடைய தளபதிகளான சந்தாஜியும் தனாஜியும் வெளியே நின்று முகலாயரின் தானிய வழிகளை அறுத்தார்கள். முற்றுகையிட்டவர்களே ஒரு கட்டத்தில் முற்றுகைக்குள்ளானார்கள். ஜுல்ஃபிகர் கான் வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்ற பேச்சும் அக்காலத்திலேயே உண்டு. 1750இல் முகமது அலியின் ஆட்களுக்காக வெளியிலிருந்து கைகொடுக்க எவரும் இல்லை.

ராஜகிரிக்காரன்:
ஆட்கள் உறுதியாக நின்றால் என்ன ஆகும் என்பதற்கு 1761ஐப் பார்க்கலாம். அவ்வாண்டு ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்த பிறகும் செஞ்சியில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. காவலின் தலைவர் மக்ரெகர், பிரெஞ்சுச் சேவையிலிருந்த ஸ்காட்லாந்துக்காரர். சரணடையச் சொன்ன ஆங்கிலேயக் கேப்டன் ஸ்மித்திடம், ஒரு லட்சம் பேரைக் கொண்டுவந்தாலும் மூன்றாண்டில் பிடிக்க முடியாது என்று சொல்லியனுப்பினார். பிப்ரவரியில் கீழ்க்கோட்டையை ஆங்கிலேயர் பிடித்தும் மலைகள் பணியவில்லை. ஏப்ரல் 5இல்தான், அதுவும் நிபந்தனை பேசியே, இறங்கிவந்தார். அதற்குள் செஞ்சியின் நோய்க்காற்றில் ஆங்கிலேயரின் சிப்பாய்கள் பலர் மடிந்திருந்தனர்.

மலையேறி அவர்கள் உச்சிக்குச் சற்றுக் கீழே, பாறைப் பிளவின் குறுக்கே ஒரு சிறு பாலத்தைக் கடந்திருப்பார். அது சுமார் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள பிளவு. அன்று அதன்மேல் கிடந்தது மரப்பாலம். அதை இழுத்துவிட்டு நாலு பேர் துப்பாக்கியோடு உட்கார்ந்தால் போதும், ஒரு படையையே நிறுத்தலாம். 1750இன் அந்த இரவில் அந்த நாலு பேர் அங்கே உட்காரவில்லை என்றே நான் நினைக்கிறேன்.