மறு: எலிமென்ட் ஸ்பேசிங் – ‘கோல் இடைவெளி’ என்று வைக்கலாமா?

வணக்கம் நண்பர்களே,

ஆண்டெனாவின் கோல்களுக்கு நடுவே விடும் தூரத்தை ஆங்கிலத்தில் ‘எலிமென்ட் ஸ்பேசிங்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை ‘தனிம இடைவெளி’, ‘மூலக இடைவெளி’, ‘உறுப்பிடைத் தொலைவு’ என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. முதல் இரண்டையும் இப்போதே விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் படித்தவருக்குத் தனிமம் என்றாலும் இலங்கையில் படித்தவருக்கு மூலகம் என்றாலும் நினைவுக்கு வருவது இரும்பும் கந்தகமும்தான். ஆண்டெனாவில் இருக்கும் அலுமினியக் குழாயைத் தனிமம் என்றால் வேதியியல் பேசுகிறோம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது நல்ல சொல். ஆனால் அதை யாகி ஆண்டெனாவுக்கு (ஒரே தண்டில் பல உலோகக் கோல்கள் வரிசையாக நிற்குமே, அதற்கு) கொடுத்துவிட்டால் பிறகு வேறோர் இடத்தில் மாட்டிக்கொள்வோம். அது எங்கே என்று சொல்வதற்கு முன், இந்த இடைவெளி என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

யாகியில் ஒரே ஒரு கோலுக்குத்தான் கேபிள் இணைப்பு உண்டு. மற்றவை சும்மா தண்டில் பொருத்தப்பட்டவை, பக்கத்துக் கோலின் அலையால் அவற்றில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது, அந்த மின்னோட்டம் எந்தக் கட்டத்தில் ஓடும், அதாவது அதன் ஏற்ற இறக்கம் எவ்வளவு முந்தும் பிந்தும் என்பதைக் கோலின் நீளமும் இடைவெளியும் சேர்ந்து முடிவு செய்கின்றன. கட்டம் சரியாக அமைந்தால் முன்பக்கம் அலைகள் கூடும், பின்பக்கம் ஒன்றையொன்று அழிக்கும். ஆண்டெனாவுக்குத் திசை வருவதே இப்படித்தான். இடைவெளியை ரொம்பக் குறைத்து 0.1 அலைநீளம் அளவுக்குக் கொண்டுவந்தால் கோல்களுக்கிடையே பிணைப்பு இறுகி, டைபோல் என்னும் ஒற்றைக் கோல் ஆண்டெனாவில் 73 ஓம் இருக்கும் ஊட்டுமுனைத் தடை (கேபிள் இணையும் இடத்துத் தடை) 20 ஓமுக்கும் கீழே இறங்கிவிடும், வேலை செய்யும் அலைவரிசை அகலமும் சுருங்கிவிடும். அதிகமாக விலக்கினால் பிணைப்பு தளர்ந்துபோகும். அதனால்தான் பின்கோலுக்கு 0.2 அலைநீளத்தை ஒட்டிய அளவு இவ்வளவு பரவலாக இருக்கிறது. 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2.07 மீட்டர், ஆகவே 0.2 என்பது ஏறக்குறைய 41 சென்டிமீட்டர்.

அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய அலுவலகத்துக்காக பீட்டர் வீஸ்பிக்கி 400 மெகாஹெர்ட்ஸில் அளந்து 1976இல் வெளியிட்ட அட்டவணையை ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர்கள் பார்த்திருப்பீர்கள். அதில் 17 கோல் கொண்ட ஆண்டெனா டைபோலைவிட 13.4 டெசிபெல் கூடுதலாகத் தருகிறது, 15 கோல் கொண்டதோ 14.2 தருகிறது. கோல் குறைந்தும் ஈட்டம் (முன்திசையில் கிடைக்கும் கூடுதல் வலு) கூடியிருக்கிறது! முதலாவதில் முன்கோல்கள் 0.2 அலைநீளத்துக்கு ஒன்றாக நிற்கின்றன, இரண்டாவதில் 0.308க்கு ஒன்றாகப் பரத்தி வைத்திருக்கிறார்கள், அதனால் தண்டின் நீளம் 3.2இலிருந்து 4.2 அலைநீளமாகிவிட்டது. எத்தனை கோல் என்று எண்ணி ஆண்டெனா வாங்குகிறவர்களுக்கு இதைப் புரியவைக்கவாவது நமக்கு ஒரு நல்ல தமிழ்ச் சொல் வேண்டும்.

சரி, இப்போது அந்தச் சிக்கல். திருப்பதிக்குப் பக்கத்தில் காதங்கியில் வளிமண்டலத்தை ஆராய்வதற்காக இருக்கும் எம்.எஸ்.டி. ரேடாரை எடுத்துக்கொள்ளுங்கள். 53 மெகாஹெர்ட்ஸில் இயங்குவது, 32க்கு 32 என்று 1024 யாகிகள் தரையில் வரிசை கட்டி நிற்கின்றன, அடுத்தடுத்த யாகிகளுக்கு நடுவே 0.7 அலைநீளம், அதாவது ஏறக்குறைய 4 மீட்டர். ஒவ்வொரு யாகியிலும் மூன்று கோல்கள். ஆங்கிலத்தில் அந்தக் கோலும் எலிமென்ட், 1024இல் ஒன்றான முழு யாகியும் எலிமென்ட், இரண்டுக்குமே ஸ்பேசிங். ஆனால் இரண்டு இடைவெளியும் செய்யும் வேலை வேறு. யாகிக்குள் அது தூண்டப்படும் மின்னோட்டத்தின் கட்டத்தைத் தீர்மானிக்கிறது. வரிசையிலோ ஒவ்வொரு யாகிக்கும் கட்டத்தை நாமே கொடுக்கிறோம், அங்கே இடைவெளி தீர்மானிப்பது ரேடார் அனுப்பும் அலைக்கற்றையை எவ்வளவு சாய்க்கலாம் என்பதை. 0.7 வைத்தால் உச்சியிலிருந்து ஏறக்குறைய 24 டிகிரி வரை சாய்க்கலாம், அதைத் தாண்டினால் முதன்மைக் கற்றைக்கு நிகரான இன்னொன்று வேண்டாத திசையில் முளைத்துவிடும். தொடுவானம் வரை சாய்க்க வேண்டுமென்றால் அரை அலைநீளத்துக்குள் நெருக்கியாக வேண்டும்.

ஆங்கிலத்தில் இருக்கும் குழப்பத்தை நாமும் சுமக்கத் தேவையில்லை. யாகிக்குள் இருப்பது கோல், பல யாகிகள் வரிசை கட்டி நிற்கும் அணியில் இருப்பது உறுப்பு. ஆக கோல் இடைவெளி, உறுப்பு இடைவெளி என்று இரண்டு சொற்கள்.

கோல் என்று வைத்தால் குடும்பமே கிடைக்கிறது. அளவுகோல், ஊன்றுகோல், திறவுகோல் எல்லாம் நமக்குப் பழக்கம்தானே. கேபிள் இணைந்தது ஊட்டுகோல், பின்னால் இருப்பது தெறிகோல், முன்னால் இருப்பவை வழிகோல்கள். வழிகோலுதல் என்ற வினை ஏற்கெனவே இருக்கிறது, ஆங்கிலத்தில் இவற்றுக்கு இருக்கும் ‘டைரக்டர்’ என்ற பெயரை ‘இயக்குநர்’ என்று மொழிபெயர்த்து நிறுவனத்துக்குள் போய் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல். 1920களில் செண்டாயில் இதை உருவாக்கிய உதாவும் யாகியும் அந்த முன்வரிசையை அலைக்கான கால்வாய் என்ற பொருளில்தான் அழைத்தார்கள், ஆகவே வழிகோல் அவர்கள் எண்ணத்துக்கும் பக்கத்தில் இருக்கிறது.

‘இடைவெளி’ என்றால் நடுவில் இருக்கும் வெற்றிடம் மட்டும்தான், மையத்திலிருந்து மையத்துக்கான அளவைக் குறிக்காது, அதனால் ‘தொலைவு’ வேண்டும் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். தென்னைக்கு 25 அடி இடைவெளி என்று சொல்லும் விவசாயி மரத்துக்கு மரம்தான் அளக்கிறார், ஓலை நுனிக்கு ஓலை நுனி அல்ல. வேளாண்மையில் இப்படி நிலைத்துவிட்ட வழக்கை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம் ஐயா, எழுதவும் எளிது.

நம் கலைச்சொல் தொகுப்பில் சேர்க்க விளக்கம் இப்படி எழுதிப் பார்த்தேன்:

கோல் இடைவெளி – யாகி போன்ற ஆண்டெனாவில் அடுத்தடுத்த இரு கோல்களின் மையங்களுக்கு இடையே தண்டின் வழியே அளக்கும் தூரம். அலைநீளத்தின் பங்காகக் குறிக்கப்படும்.

கடைசி வாக்கியத்தைத் தயவுசெய்து யாரும் வெட்ட வேண்டாம். வெறும் சென்டிமீட்டரில் மட்டும் சொன்னால் வேறு அதிர்வெண்ணில் செய்கிறவருக்கு அது உதவாது.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. உறுப்பு இடைவெளி கூடினால் முளைக்கும் அந்த இரண்டாவது கற்றைக்கு, ஆங்கிலத்தில் ‘கிரேட்டிங் லோப்’ என்பதற்கு, என்ன சொல்? ‘கீற்றணி மடல்’ என்று ஒன்று தோன்றுகிறது, ஒளியியல் பாடத்தில் கீற்றணி ஏற்கெனவே இருப்பதால். இலங்கை நண்பர்கள் உங்கள் பாடநூல் வழக்கு என்ன என்று எழுதுங்கள், அப்புறம் இரண்டையும் சேர்த்தே தொகுப்பில் ஏற்றிவிடலாம்.