கண்ணாடியில பூநாரை வார்க்க முடியுமா?

தனுஷ்கோடி ரோட்டுக்காரன்:
குளிர் சீசன்ல கோதண்டராமர் கோயில் பக்கம் தண்ணில பூநாரை கூட்டமா நிக்கும், தலைய கவுத்துப் போட்டு அலகால சேத்தத் துழாவி மேயுறத பாத்துக்கிட்டே இருக்கலாம், அத அப்படியே வார்ப்புக் கண்ணாடியில செய்யணும்னு ரொம்ப ஆசை. களிமண்ல உருவம் பண்ணுவேன். பழைய பாட்டில உருக்கி ஊத்தலாமா? காலு நிக்குமா?

சூளைக்காரர்:
தம்பி, களிமண் உருவத்த மெழுகுல எடுத்துக்கங்க, மேல பிளாஸ்டரும் சிலிக்கா பொடியும் கலந்து பூசி அச்சு பண்ணி, ஆவி காட்டி மெழுக வடிச்சுட்டு, அந்த எடத்துல கண்ணாடித் துண்ட நிரப்பி சூளைல 800 டிகிரிக்கு மேல ஏத்தணும். அதெல்லாம் ஈஸி, ஆறப்போடுறதுதான் உசிரே. 500 டிகிரி பக்கத்துல மணிக்கணக்கா நிறுத்தி அப்புறம் மெல்ல மெல்ல இறக்கணும், கனமான உருவம்னா நாள்கணக்காகும், அவசரப்பட்டா டப்புன்னு விரிஞ்சிரும். காலு வேணாம், மெல்லிசு சீக்கிரம் ஆறும், உடம்பு ஆறாது, சேர்ற எடத்துலயே விட்டுரும். ஸ்டீல் கம்பி வைங்க.

தேர்த்தங்கல் அக்கா:
பாட்டில் கண்ணாடி வெவ்வேற வகைய கலக்கவே கலக்காதீங்க தம்பி, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவு சுருங்கும், விரிசல் விழும். சூட்டுல ரொம்ப நேரம் நின்னா மேல பால் மாதிரி மங்கிரும் வேற. வார்ப்புக்குன்னே விக்கிற கண்ணாடி வாங்குங்க. என்னைக் கேட்டா காலே வேணாம், கழுத்து வளைவும் தண்ணிக்குள்ள போற அலகும் மட்டும் போதும், தண்ணியும் கண்ணாடியாவே இருக்கட்டும்.

தனுஷ்கோடி ரோட்டுக்காரன்:
அக்கா இது சூப்பர், காலில்லாமலே வரைஞ்சு பாக்குறேன். அண்ணே, அச்சுக்கு பிளாஸ்டரும் சிலிக்காவும் சரிபாதியா?

சூளைக்காரர்:
ஆமா சரிபாதி. சிலிக்கா தூசி நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் இல்லாம தொடாதீங்க.