அப்டேட்: ஸ்டேஷன் பக்கத்து அபார்ட்மெண்ட் விவகாரம்

போன மாசம் எழுதியிருந்தேன்லா, பாளையங்கோட்டை ரயில்வே ஸ்டேஷன் பக்கம் எங்க தெருவுல பழைய காரவீட்ட இடிச்சிட்டு அபார்ட்மெண்ட் வருது, தண்ணிக்கும் சாக்கடைக்கும் என்ன செய்யன்னு, அதோட தொடர்ச்சிதான் இது.

நேத்து பில்டரே எங்களக் கூப்பிட்டு பேசினாவ. பிளான வாங்கிப் பாத்தா உயரம் 18.30 மீட்டருக்கு ஒரு இம்மி கீழ நிக்கி, அதத் தாண்டுனா 2019 கட்டட விதிப்படி ஹைரைஸ், அதாவது உயரக் கட்டடம்னு கணக்குல வந்துரும், ரோடு அகலம் அது இதுன்னு கெடுபிடி கூடும், அதான் சரியா கோட்டுக்குக் கீழ நிறுத்திட்டாவ, விவரமான ஆளுவ. மழைநீர் சேகரிப்பு வைக்கோம்னு ஏதோ பெரிய சலுகை மாதிரி சொன்னாவ. அண்ணாச்சி, அது 2003லேர்ந்தே கட்டாயம்லான்னேன், பதிலு இல்ல.

ஸ்டேஷன் பக்கம் ஆளுவ குடி வந்தா ரயில்ல போவாவ, ரோட்டுல வண்டி குறையும்தானன்னு சிலபேரு கேட்டிருந்தீங்க. நியாயந்தான், நானும் வீடே கட்டக்கூடாதுன்னு சொல்லல. ஆனா நம்ம ஸ்டேஷன் இருக்க திருச்செந்தூர் லைன் ஒத்தப் பாதை, ஒரு நாளைக்கு ஒருசில ரயிலுதான், அத நம்பி எவன் பைக்க விப்பான்? இப்பவே தெரு வண்டிய தாங்கல, முந்தாநாள் தண்ணி லாரி ரிவர்ஸ் எடுக்கையில எதுத்த வீட்டு ஆச்சி திண்ணை ஓரத்தப் பேத்துட்டுப் போயிட்டு, செங்கல்லு இன்னும் அப்படியே கெடக்கு, ஆச்சி அதுமேலதான் முருங்கக்கீரை ஆயுதாவ.

போர்வெல்லு எத்தன அடி போடுவாவன்னு மட்டும் எழுதிக் கேட்டிருக்கோம். திங்கக்கிழம சொல்லுதேன்னு இருக்காவ.