மேன்ஹோல் கார்டு ஸ்கேன் ஆக மாட்டேங்குது, ரீட் எரர் மட்டும் வருது (அவசரம்)

கார்த்தி_எஸ்பி
நின்டெண்டோ இ-ரீடர்ல (கேம் பாய் அட்வான்ஸ், அதான் ஜிபிஏ-ல குத்தி, கார்டுல அச்சடிச்ச புள்ளிக்கோட்டைப் படிக்கிற கருவி) மேன்ஹோல்ங்கிற கேமோட கார்டைத் தேய்ச்சா ஒவ்வொரு தடவையும் ரீட் எரர். மெதுவா, வேகமா, திருப்பிப் போட்டு, எல்லாம் பாத்தாச்சு. அந்த கேமை எப்படியாவது அன்லாக் பண்ணணும். ரீடர் செத்துப் போச்சா? லென்ஸ் மட்டும் மாத்த முடியுமா? ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும், சீக்கிரம் சொல்லுங்க.

தூசிதட்டி
லென்ஸ் அழுக்கு, வேற என்ன. இருபது வருஷப் பொருள். பவரை அணைச்சு ரீடரை வெளியே எடுங்க. பழைய விசிட்டிங் கார்டு மேல மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியை ஒரு சுத்து சுத்தி, 99% ஐசோபுரொபைல் ரெண்டே சொட்டு விட்டு, கார்டு போற வழியிலயே நாலஞ்சு தடவை இழுங்க. பத்து நிமிஷம் காய விட்டுட்டு அப்புறம் போடுங்க. காது குடையற பஞ்சை உள்ள விட்டுடாதீங்க. ஒரு நூல் பிரிஞ்சு கேமரா முன்னாடி நின்னா முன்ன இருந்ததை விட மோசமாயிடும்.

நல்லூரான்
தம்பி, எந்த ரீடர் எண்டு சொல்லவே இல்லையே. ஜப்பானில 2001 டிசம்பரில வந்ததோ, 2003இல வந்த பிளஸ்ஸோ, அமெரிக்காவில 2002 செப்டம்பரில வந்ததோ? பக்கத்தில லிங்க் கேபிள் குத்துற இடம் இருக்கோ எண்டு பாருங்கோ. இல்லையெண்டால் அது ஜப்பானின்ர முதல் மாடல். அமெரிக்க ரீடர் ஜப்பான் கார்டை ஏற்காது, அதின்ர மறுவளமும் அப்பிடித்தான்.

செல்_மாத்து
பேட்டரி பாத்தீங்களா? ஸ்கேன் நேரத்துல உள்ள விளக்கு எரியும், கேமரா ஓடும். கேம் ஆடத் தெம்பு இருக்கும், படிக்கத் தெம்பு இருக்காது. புது அல்கலைன் ரெண்டு போட்டுப் பாருங்க.

தூசிதட்டி
பேர்லயே எஸ்பி-ன்னு போட்டிருக்காரு, சார்ஜ் பண்ற ஜிபிஏ மாடல், அதுல ஏதுங்க ரெண்டு செல்? எந்த இழைக்கு வந்தாலும் உங்களுக்குப் பேட்டரிதான்.

புள்ளிக்கோடு_மூத்தவன்
மேலே ஒட்டி வைத்திருக்கும் இழையை யாருமே படிப்பதில்லை என்பது மறுபடியும் உறுதியாகிறது. இருந்தாலும் சொல்கிறேன். லென்ஸைக் குறை சொல்வதற்கு முன், நன்றாக இருக்கிறது என்று தெரிந்த வேறொரு கார்டைத் தேய்த்துப் பார்க்க வேண்டும். எக்ஸ்பெடிஷன், அக்வாபோலிஸ், ஸ்கைரிட்ஜ் போக்கிமான் கார்டு ஏதாவது இருந்தால் அடியில் உள்ள குட்டைக் கோடே போதும். அது படித்தால் ரீடரில் கோளாறு இல்லை. இதைச் செய்யாமல் ஆல்கஹால் ஊற்றச் சொல்வது வைத்தியம் அல்ல.

இன்னொன்று, "அன்லாக்" என்ற சொல்லே தவறு. பூட்டி வைத்த கேம் எதுவும் ரீடருக்குள் இல்லை. கேமே கார்டில்தான் இருக்கிறது. நீளக் கோட்டில் சுமார் 2.2 கிலோபைட், குட்டைக் கோட்டில் 1.4.

இகா_பிரியன்
அது எல்லா கார்டுக்கும் பொருந்தாது மூத்தவரே. நின்டெண்டோவோட டிவி கேம் மெஷின் கேம்கியூப்ல அனிமல் கிராசிங்னு ஒரு கேம், அதுல ஐஸ் கிளைம்பர், மரியோ பிரதர்ஸ் ரெண்டும் டிஸ்க்லயே கிடக்கு. கார்டு வெறும் சாவி. அது அன்லாக் இல்லாம வேற என்ன?

புள்ளிக்கோடு_மூத்தவன்
கேட்டது மேன்ஹோலைப் பற்றி. அதற்கு கேம்கியூப் எதற்கு?

இகா_பிரியன்
நீங்கதான் சொல்லே தப்புன்னு பொதுவா அடிச்சு விட்டீங்க. எக்சைட்பைக், பலூன் ஃபைட் மாதிரி என்இஎஸ் (நின்டெண்டோவோட பழைய டிவி கேம் மெஷின்) செட்டையே எடுத்துக்கங்க. கேம் 5 கார்டுல வருது, சரி. என்இஎஸ் மாதிரியே நடிச்சு அதை ஓட்டற எமுலேட்டர் ரீடரோட ROM சிப்புலதானே உக்காந்திருக்கு? பாதி உள்ள, பாதி வெளிய.

நல்லூரான்
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கோ. கேட்ட பிள்ளையைக் காணேல்ல.

கார்த்தி_எஸ்பி
சாரி, வேலைல இருந்தேன். அமெரிக்க ரீடர், லிங்க் போர்ட் இருக்கு. எஸ்பி ஃபுல் சார்ஜ். அக்வாபோலிஸ் கார்டு ஒண்ணு தேய்ச்சேன், ஒரே இழுப்புல படிச்சுது. மேன்ஹோல் மட்டும்தான் படிக்கல. அது ஒரு நண்பர் கொடுத்த ஃபைல்ல இருந்து நான் பிரிண்ட் எடுத்த கார்டு. அது ஒண்ணும் பிரச்சினை இல்லல்ல?

தூசிதட்டி
அட, அதை முதல் வரியிலயே சொல்லியிருக்கலாமே!

புள்ளிக்கோடு_மூத்தவன்
பேசாமல் ஒரிஜினல் வாங்கலாம்.

லேசர்_லதா
கார்த்தி, முதல்ல ஸ்கேல் எடுத்து அளங்க. நீளக் கோடு 83.7 மிமீ இருக்கணும், உயரம் 3.7 மிமீ. (குட்டைக் கோடு 54.1.) ஒரு மிமீ குறைஞ்சாலும் பிரிண்டர் சுருக்கியிருக்குன்னு அர்த்தம்.

அது ஏன் முக்கியம்னா, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) படத்துல நீளக் கோடு சரியா 989க்கு 44 பிக்சல். ஒரு புள்ளிக்கு ஒரு பிக்சல். 600ல ஒரு புள்ளி ரெண்டுக்கு ரெண்டு. "பக்கத்துக்குப் பொருத்து" ஆன்ல இருந்தா பிரிண்டர் அதை இழுத்தோ குறுக்கியோ விடும். அப்ப புள்ளி ஓரமெல்லாம் சாம்பலாகும், சாம்பலை பிரிண்டர் பொடிப் புள்ளியாத் தூவும். கண்ணுக்கு அழகாத்தான் தெரியும், ரீடருக்கு வெறும் மண். ரீட்-சாலமன் பிழைதிருத்தம் இருக்குன்னு சொல்லுவாங்க. அது அங்கங்க கீறல், கறை இருந்தா காப்பாத்தும். நீளக் கோட்டுல இருக்கற 28 கட்டமும் சேர்ந்து நகர்ந்தா ஒண்ணும் பண்ண முடியாது.

ஃபைல் எப்படி வந்துச்சு? வாட்ஸ்அப்ல படமா வந்திருந்தா அழிச்சுடுங்க, ஜேபெக் ஆக்கிக் குழப்பியிருக்கும். மூல ஃபைலைக் கேளுங்க. சைஸ் 2912 பைட்னா அது ரா (raw, பிழைதிருத்தம் சேர்ந்த ஃபைல்), நேரா ரா2பிஎம்பி-ங்கிற படமாக்கற புரோகிராம்ல 600 டிபிஐ போட்டு எடுக்கலாம். 2076 பைட்னா அது பின் (bin, பிழைதிருத்தம் சேராத ஃபைல்). முதல்ல நெட்சென்க் (nedcenc) புரோகிராமை ஓட்டி ராவா மாத்துங்க, அப்புறம்தான் படம்.

பிரிண்ட்: லேசர், 100% அளவு, கறுப்பு மட்டும், டோனர் சேமிப்பு ஆஃப். இங்க்ஜெட்ல சாதாத் தாள்னா மை ஊறிப் பக்கத்துப் புள்ளியோட ஒட்டிக்கும். 250–300 ஜிஎஸ்எம் (அட்டையோட கனம்) மேட் அட்டை எடுங்க. பளபளா வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம், வெளிச்சம் திருப்பி அடிக்கும், தடிமனும் சிக்கும். கத்தரிக்கோல் இல்லாம பிளேடும் ஸ்டீல் ஸ்கேலும் வெச்சு வெட்டுங்க. விளிம்புல இருந்து கோட்டுக்கு எவ்வளவு தூரம்னு உங்க அக்வாபோலிஸ் கார்டைப் பாத்து அப்படியே வைங்க. சாய்ஞ்சா பாதி வழியில கேமரா பார்வையை விட்டுப் போயிடும்.

செல்_மாத்து
டோனர் சேமிப்புன்னதும் ஞாபகம் வந்துது, பேட்டரி சேமிப்பு மோட்...

தூசிதட்டி
வேண்டாம்.

கார்த்தி_எஸ்பி
அளந்தேன், 81 மிமீ. பொருத்து ஆன்லதான் இருந்துச்சு. ஃபைல் 2076.

லேசர்_லதா
81ன்னா சுமார் 97%, பொருத்து வெச்சா வர்ற சுருக்கம்தான். 2076ஐ நேரா படமாக்கியிருந்தா அதுவும் தப்பு. ரெண்டையும் சேர்த்துச் சரி பண்ணுங்க. தேய்க்கும்போது நடுவுல நிறுத்தாதீங்க, ஒரே சீரா இழுங்க. கார்டு நகர நகர கேமரா துண்டு துண்டாத்தான் எடுக்குது, வெடுக்குன்னு இழுத்தா நடுவுல ஒரு கட்டம் தவறிடும். படிச்சதும் சேமிக்கவான்னு கேக்கும். ரீடர் ஒரே ஒரு கேமைத்தான் வெச்சுக்கும், ஏற்கெனவே ஏதாவது இருந்தா அது போயிடும்.

இகா_பிரியன்
பாத்தீங்களா மூத்தவரே, சேமிச்சுட்டா அப்புறம் கார்டே வேண்டாம். அப்ப கேம் இருக்கறது கார்டுலயா, ரீடர்லயா?

புள்ளிக்கோடு_மூத்தவன்
சோற்றைத் தின்றபின் அது வயிற்றில்தான் இருக்கும். அதனால் அரிசி கடையிலிருந்து வரவில்லை என்றாகிவிடாது. சூப்பர் மரியோ அட்வான்ஸ் 4 கார்டுகளும் இப்படித்தான். விளையாட்டு லெவல்களின் தரவு கார்டில் இருக்கிறது, அதை லிங்க் கேபிள் வழியே இரண்டாவது ஜிபிஏ-வுக்குக் கடத்துகிறோம். உங்கள் அனிமல் கிராசிங் ஒரு விதிவிலக்கு. ஒப்புக்கொள்கிறேன், அதற்கு மேல் இல்லை.

இகா_பிரியன்
ஒப்புக்கிட்டதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சிட்டேன்.

நல்லூரான்
மேன்ஹோல் எண்டது 1981 கேம் அண்ட் வாட்ச் எண்ட கையடக்கக் கருவியில ஒரே ஒரு மூடியை வைச்சு நாலு ஓட்டையை மூடுற விளையாட்டு. அதுக்கு இவ்வளவு சண்டை.

கார்த்தி_எஸ்பி
வந்துடுச்சு, ரெண்டாவது இழுப்புல. லதாக்கா நன்றி.

லேசர்_லதா
சந்தோஷம். எந்த அட்டை, எந்த பிரிண்டர்னு ஒரு வரி போடுங்க, அடுத்து வர்றவங்களுக்கு உதவும்.

தூசிதட்டி
நாலு நாளாச்சு. கார்த்தி, அட்டை என்ன ஜிஎஸ்எம்?