கோடியக்கரையில் வலசைப் பறவைகளைக் காண ஏற்ற காலம் எது?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். வடக்கிலிருந்து வரும் வலசைப் பறவைகளைக் காண இவ்வாண்டு கோடியக்கரைக்குச் செல்ல எண்ணியுள்ளேன். ஆகஸ்டிலேயே உள்ளான்கள் (சேற்றில் இரை தேடும் சிறு கரைப்பறவைகள்) இறங்கிவிடும் என்று சிலரும், மழை தொடங்கிய பின்னரே செல்ல வேண்டும் என்று சிலரும் கூறுகின்றனர். பூநாரைகளைவிடச் சிறு கரைப்பறவைகளே எனக்கு முக்கியம். எப்போது செல்வது, எதைக் கவனிப்பது என்று அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

முதல் பதில்:
உள்ளான்களுக்காகச் செல்வதானால் வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்கு முன், செப்டம்பரிலோ அக்டோபர் முற்பகுதியிலோ சென்றுவிடுங்கள். கொசு உள்ளான் போன்ற குட்டைக்கால் பறவைகள் ஈரச் சேற்றிலும் மிக ஆழங்குறைந்த நீரிலும் மட்டுமே இரை தேட முடியும் என்பதால், சதுப்பில் மழைநீர் பெருகியதும் அவை வேறிடம் நாடிச் சிதறிவிடுகின்றன. பூநாரைக்கு அந்தக் கவலை இல்லை. மழைக்குப் பின் செல்லச் சொன்னவர்கள் பூநாரைகளை மனத்தில் வைத்தே சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். சதுப்புப் பகுதிக்குள் செல்வதற்கு முன் வனத்துறையினரிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பதில்:
மேலே கூறியதை ஏற்கிறேன். ஆனால் பறவைகளின் வயதைப் பிரித்தறிய விரும்பினால் ஆகஸ்ட் இறுதியையும் விட்டுவிடாதீர்கள். சைபீரியாவின் வடகோடியில் கூடு கட்டும் கர்லூ சேண்ட்பைப்பர் என்னும் உள்ளான் இனத்தில் ஆண் அடைகாப்பதில்லை; ஆகவே ஆண்கள் முதலிலும், பெட்டைகள் அடுத்தும், அவ்வாண்டுக் குஞ்சுகள் கடைசியிலும் புறப்படுகின்றன. முதலில் வந்திறங்கும் முதிர்ந்த பறவைகளின் வயிற்றில் செங்கல் நிறத் திட்டுகள் எஞ்சியிருக்கும். பின்னர் வரும் இளம் பறவைகளின் முதுகிறகுகள் ஒவ்வொன்றும் வெளிறிய ஓரத்துடன், செதில் அடுக்கியதுபோல் ஒழுங்காகத் தெரியும்; மார்பில் இளமஞ்சள் சாயல் படர்ந்திருக்கும். வழிகாட்டப் பெற்றோர் உடன் வராமலேயே இவை இவ்வளவு தொலைவு பறந்து வருகின்றன என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு.

மூன்றாம் பதில்:
சதுப்போடு நின்றுவிடாமல், விடியற்காலையில் காட்டுப் பகுதியையும் பாருங்கள். இரவில் வலசை வரும் ஆறுமணிக்குருவி அக்டோபரில் அங்குள்ள புதர்களின் அடியில் சருகைக் கிளறிக்கொண்டிருப்பதைக் காணலாம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல ஆண்டுகளாக இங்கே பறவைகளின் பயணத்தை அறிய அவற்றின் காலில் அடையாள வளையமிட்டு வருகின்றனர். காலில் வண்ணப் பட்டை அணிந்த உள்ளானைக் கண்டால், பட்டையின் நிறம், அது எந்தக் காலில், காலின் நடுவே தெரியும் மூட்டுக்கு மேலா கீழா, அதில் உள்ள எழுத்துகள் எவை என அனைத்தையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். படம் தெளிவாக இருந்தால் மேலும் நல்லது. படத்துக்காக நெருங்கிச் சென்று கூட்டத்தைக் கலைத்துவிட வேண்டாம். நெடுந்தொலைவு பறந்து கொழுப்பை இழந்து வந்த பறவைக்கு ஒவ்வொரு வீண் பறத்தலும் இழப்பே.