'வக்த்' (1965, இந்திப் படம்): இத்தனை தற்செயல் இருந்தும் படம் எப்படி நிற்கிறது?

திரைக்கதை மாணவி:
பூகம்பத்தில் சொத்து போகிறது, மூன்று மகன்களும் பிரிகிறார்கள், கடைசியில் கோர்ட்டில் எல்லோரும் சேர்கிறார்கள். ஆனாலும் நம்ப முடிகிறதே, எப்படி?

பழைய ரீல்:
பிரிக்கும் தற்செயலை எவ்வளவு பெரிதாக வைத்தாலும் பார்ப்பவர்கள் ஏற்பார்கள். சிக்கலை அவிழ்ப்பது மட்டும் பாத்திரத்தின் முடிவாக இருக்க வேண்டும். மூத்த மகன் ராஜாவும் நடு மகன் ரவியும் அண்ணன் தம்பி என்று தெரியாமலே மீனா என்ற ஒரே பெண்ணைக் காதலிக்கிறார்கள். ரவியைக் கொல்லப் போகும் ராஜா, ரவியின் வீட்டில் அவனது சிறுவயதுப் படத்தைப் பார்க்கிறான். தம்பி என்று தெரிந்ததும் ஓவென்று அழுவதில்லை. மீனாவை அவனுக்கே விட்டுக்கொடுக்க வாயை மூடிக்கொள்கிறான். ராஜாவாக வரும் ராஜ்குமார் அடக்கி நடித்ததால்தான் அந்த இடம் நிற்கிறது. அங்கேயே உண்மையைச் சொல்லியிருந்தால் மீதிப் படத்துக்கு வேலையே இல்லை.

மணிமாறன்:
கடைசி மகன் விஜய்யை விட்டுவிட்டீர்களே! படித்தும் வில்லன் சினாய் சேட்டிடம் டிரைவர் வேலை. அம்மாவின் வைத்தியச் செலவுக்காகப் பொய்ச் சாட்சி சொல்லச் சம்மதிக்கிறான். முதலாளி விசுவாசம், தாய்ப்பாசம், நேர்மை மூன்றும் ஒரே கூண்டில் மோதுகின்றன. எழுதும்போது பணத் தேவையை முன்னாலேயே காட்டிவிடுங்கள். சாட்சி சொல்லும் நேரத்தில் திடீரென்று நோயைக் கொண்டுவந்தால் காட்சி செத்துவிடும்.

பழைய ரீல்:
ஆமாம். அப்பா லாலா கேதார்நாத்தின் கர்வப் பேச்சும் அப்படி முன்னாலேயே வைத்ததுதான். ஜோசியரிடம் சவடால் பேசிய அன்றே நிலம் நடுங்குகிறது. இடையில் நாள் கடந்திருந்தால் அது வெறும் விபத்து.